வாரியக் குடியிருப்பில் விரிசல் விட்டால் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

2021 டிசம்பர் 27ஆம் தேதி, சென்னை திருவொற்றியூர் கிராமத் தெருவில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் அப்படியே சரிந்து விழுந்தது. 24 வீடுகள் போயின. 1993இல் கட்டிய கட்டடம், முப்பது வயதுகூட ஆகவில்லை. விரிசல் பெரிதாகிக்கொண்டே போவதைக் கவனித்த குடியிருப்பவர்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் யாரும் சாகவில்லை.

அதற்கு நான்கு மாதம் முன்னால், புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் புத்தம் புது வீட்டுச் சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. அங்கே மொத்தம் 1,920 வீடுகள். அந்தக் காட்சி தொலைக்காட்சியிலும் சட்டமன்றத்திலும் பேசப்பட்ட பிறகு ஐ.ஐ.டி. சென்னையின் கியூப் மையம் தர ஆய்வுக்கு அழைக்கப்பட்டது. வாரியப் பொறியாளர்கள் இருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

பழைய கட்டடமும் புதுக் கட்டடமும் ஒரே ஆண்டில் ஒரே கேள்வியை எழுப்பின: இதற்கு யார் பொறுப்பு? "அரசு" என்று பொதுவாகச் சொன்னால் பதில் வராது. ஒரு குடியிருப்பு எழும்ப வரைபடம், ஒப்பந்தம், சோதனை அறிக்கை, பில், நிறைவுச் சான்று என்று ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்தையும் அதன் கீழே இருக்கும் தேதியையும் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. புதிதாக ஒதுக்கீடு பெற்றவர்களுக்கும், பல வருடம் குடியிருந்தும் இதுவரை மனு எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

உங்கள் கட்டடம் யார் கையில் இருக்கிறது?

பேச்சு வழக்கில் எல்லாமே "ஹவுசிங் போர்டு"தான். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு வாரியங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961 முதல் வீடும் மனையும் கட்டி விற்கிறது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் இதன் கீழ் வருபவை. ஒரு வாரியத்துக்குப் போக வேண்டிய மனுவை இன்னொன்றுக்கு அனுப்பினால் ஒரு மாதம் வீணாகிவிடும்.

ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பாருங்கள். திட்டப்பகுதியின் பெயர், பிளாக் எண், கதவு எண் மூன்றும் அதில் இருக்கும். மனுவில் இந்த மூன்றையும் ஆணையில் உள்ளபடியே எழுத வேண்டும். நாம் "முருகன் கோயில் பிளாக்" என்று சொல்லிக்கொண்டிருப்போம், அலுவலகக் கோப்பில் அந்தப் பெயரே இருக்காது.

அடுத்து, கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் கட்டடம் இன்னும் வாரியத்தின் சொத்து, பெரிய பழுதுக்கு வாரியமே பொறுப்பு. பதிவாகியிருந்தால் "வீடு உங்க பேர்ல இருக்கு, நாங்க என்ன பண்றது?" என்று கேட்பார்கள். அன்றாடப் பராமரிப்பைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. ஆனால் அடித்தளமும் பில்லரும் நீங்கள் கட்டியவை அல்ல. கட்டியபோது நடந்த குறைக்கான ஆவணங்கள் வாரியத்திடம்தான் இருக்கின்றன, பத்திரம் கைமாறியதால் அவை காணாமல் போய்விடாது.

அலுவலக வரிசை உதவிப் பொறியாளரில் தொடங்கி, உதவிச் செயற்பொறியாளர், கோட்டச் செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர், மேலாண்மை இயக்குநர் என்று மேலே போகும். கோப்பு பெரும்பாலும் செயற்பொறியாளர் அலுவலகத்தில் இருக்கும். அதனால் மனுவை அவர் பெயருக்கு எழுதி, நகலை மேலாண்மை இயக்குநருக்கு அனுப்புங்கள் (நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றால் அதன் தலைமையகம் காமராசர் சாலையில் இருக்கிறது). லிஃப்ட் பழுது என்றால் கூடுதலாக ஒரு வழி உண்டு. லிஃப்டுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி மின் ஆய்வுத் துறையின் உரிமம் தேவை. எட்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோனால் அந்த உரிம நகலையும் கேளுங்கள்.

விரிசலைப் பதிவு செய்வது

இதில் அவசரப்படாதீர்கள். எங்கள் பகுதியில் மனு எழுத வருபவர்களில் பலர் "வீடே விழுந்துடும் போல இருக்கு சார்" என்று சொல்வார்கள். எங்கே விரிசல், எப்போதிலிருந்து, எவ்வளவு நீளம் என்று கேட்டால் பதில் இருக்காது. அலுவலகத்தில் அவர்களை அனுப்பிவைக்க அதுவே போதும்.

பூச்சின் மேல் முடி போல ஓடும் விரிசல்கள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். கவனிக்க வேண்டியவை வேறு. பில்லரிலும் பீமிலும் ஓடும் விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல், கூரையில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாகத் தெரியும் பழுப்பு நிறக் கறை. இந்தக் கடைசி அறிகுறிதான் சென்னைக் குடியிருப்புகளில் அதிகம். மேல் வீட்டுக் கழிவறைத் தரை ஒழுகும், அந்த ஈரம் காங்கிரீட்டுக்குள் இறங்கும், கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் காங்கிரீட்டை உள்ளிருந்து வெளியே தள்ளும். முதலில் கறை, பிறகு கம்பியின் போக்கிலேயே விரிசல், கடைசியில் ஒரு துண்டு பெயர்ந்து கட்டில் மேல் விழும். மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் கறை மறையும், துரு நிற்காது. "பேட்ச் ஒர்க்" பண்ணிவிட்டோம் என்று சொன்னால், கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கினார்களா, ஒழுகலை அடைத்தார்களா என்று கேளுங்கள்.

பதிவு செய்யும் முறை எளிது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு அருகில் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் மறுபடி கோடு, மறுபடி தேதி. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரு பக்கமும் சிமெண்டால் ஒட்டிவைக்கலாம். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும், கதவு எண் தெரியும்படி இன்னொரு படமும் எடுங்கள். கூரையையும் சுவரையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சோ காங்கிரீட்டோ உள்ளே விட்டுப்போயிருக்கிறது.

பிளாக் முழுவதற்கும் ஒரே நோட்டுப் புத்தகம் போடுங்கள். வீட்டு வாரியாக எழுதினால் கீழ்த்தளம் முதல் மேல்தளம் வரை ஒரே வரிசையில் கழிவறை ஒழுகுகிறது என்பது போன்ற விஷயங்கள் தாமாகவே தெரியவரும். தனித்தனி மனுவில் அது தெரியாது. இதையெல்லாம் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால், செப்டம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது.

சில அறிகுறிகள் தெரிந்தால் நோட்டும் வேண்டாம், படமும் வேண்டாம். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று சிக்குகிறது, விரிசல் மணிக்கு மணி அகலமாகிறது, சுவருக்குள் நொறுங்கும் சத்தம் கேட்கிறது என்றால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். அப்புறம் 112க்கோ, மாவட்டப் பேரிடர் எண் 1077க்கோ, சென்னை மாநகராட்சியின் 1913க்கோ கூப்பிடுங்கள். பத்திரமும் நகையும் எடுக்கத் திரும்ப உள்ளே போகாதீர்கள்.

மனு

வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. ஒரு பக்க மனு போதும். யார், எந்த பிளாக், என்ன பழுது, எந்தத் தேதியிலிருந்து, என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். "கட்டடத்தின் உறுதித்தன்மையைத் தகுதியான பொறியியல் நிறுவனத்தைக் கொண்டு ஆய்வு செய்து, அறிக்கையின் நகலைக் குடியிருப்பவர்களுக்கு வழங்க வேண்டும்" என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். நகலில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வராதீர்கள். சீல் போட மறுத்தால் அங்கேயே வாக்குவாதம் செய்ய வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ஒப்படைத்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள்.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுக்கலாம். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 எண்ணில் பதிவு செய்யலாம். இரண்டிலும் மனு எண் கிடைக்கும். மனு கடைசியில் அதே செயற்பொறியாளரிடம்தான் திரும்பி வரும் என்றாலும், இப்போது அவர் மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்கப்போகும் பதில் அநேகமாக இதுதான்: "எஸ்டிமேட் போட்டாச்சு, ஃபண்டு வரல." இந்தப் பதிலோடு திரும்பி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் எஸ்டிமேட் போட்டது உண்மையென்றால் அதற்கு ஒரு தொகை, ஒரு தேதி, அனுப்பிய கடித எண் எல்லாம் இருக்க வேண்டும். அதை எழுதிக் கேட்பதற்கான சட்டம் நம் கையில் இருக்கிறது.

தகவல் அறியும் உரிமை மனு

2005ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. பதில் சொல்ல 30 நாள். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ தொடர்புடைய தகவல் என்றால் 48 மணி நேரம். கட்டடம் ஆபத்தான நிலையில் இருந்தால் மனுவின் தலைப்பிலேயே "பிரிவு 7(1)இன்படி உயிர் தொடர்பானது" என்று எழுதி, படங்களையும் இணையுங்கள்.

புதியவர்கள் இடறும் இடம் கேள்வி கேட்கும் விதம். "ஏன் எங்கள் வீட்டைச் சரிசெய்யவில்லை?" என்று எழுதினால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடலாம். இருக்கும் ஆவணத்தைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். அதனால் கோபத்தைப் புகார் மனுவில் வைத்துக்கொண்டு, இங்கே காகிதத்தை மட்டும் கேளுங்கள். நான் எழுதிக் கொடுக்கும் மனுக்களில் இவை இருக்கும்:

"மேற்படி பிளாக்கைக் கட்டிய ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பணி ஆணை, ஒப்பந்தம், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் நகல்.

ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் குறிப்பிடப்பட்டுள்ள பக்கத்தின் நகல். பிடித்தம் செய்து வைத்த தொகை விடுவிக்கப்பட்ட தேதி, அதற்கு ஒப்புதல் அளித்த அலுவலரின் பதவி, ஒப்புதல் ஆணையின் நகல்.

கட்டுமானத்தின்போது எடுத்த காங்கிரீட் கனசதுரச் சோதனை அறிக்கைகள், மூன்றாம் தரப்புத் தர ஆய்வறிக்கைகள்.

கடந்த ஐந்தாண்டுகளில் இந்த பிளாக்கில் செய்ததாகப் பதிவான பராமரிப்புப் பணிகளின் அளவுப் புத்தகப் பக்கங்கள்.

இந்தக் கட்டடத்தின் உறுதித்தன்மை குறித்த ஆய்வறிக்கைகள், பழுது நீக்கத்துக்குத் தயாரித்த மதிப்பீடு, அதை மேலிடத்துக்கு அனுப்பிய கடிதம், வந்த பதில்."

ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காகத்தான். கட்டி முடித்த பிறகும் ஒப்பந்தத்தில் குறித்த காலம்வரை குறைகளைத் தன் செலவில் சரிசெய்யும் பொறுப்பு ஒப்பந்ததாரருக்கு உண்டு. அதற்காகவே அவர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். சுவர் உதிர்ந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பணத்தை விடுவித்திருந்தால், விடுவித்தவர் பதில் சொல்ல வேண்டும். கனசதுரச் சோதனை என்பது, காங்கிரீட் போடும்போதே அதில் கொஞ்சம் எடுத்து 15 சென்டிமீட்டர் பெட்டியில் ஊற்றி வைத்து, 28ஆம் நாள் எந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பது. அறிக்கையே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் பெரிய தகவல்தான்.

அளவுப் புத்தகம்தான் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். பொறியாளர்கள் எம்-புக் என்பார்கள். அதில் எழுதிய அளவுக்குத்தான் பில் பாஸாகும். மாடிப்படிக் கைப்பிடி மாற்றியது, மொட்டை மாடியில் ஓடு பதித்தது, குழாய் மாற்றியது எல்லாம் மீட்டர் கணக்கில் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். பதித்ததாக எழுதிய ஓடு அங்கே இல்லையென்றால் விஷயம் பராமரிப்புக் குறையோடு முடியாது, லஞ்ச ஒழிப்புத் துறைவரை போகும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பிரிவு 2(ஜே), ஆவண நகலோடு நின்றுவிடவில்லை. பணிகளையும் கோப்புகளையும் நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றிட்ட மாதிரிகளை எடுக்கவும் அது உரிமை தருகிறது. உங்கள் பகுதியில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தால், குடியேறிய பிறகு சண்டை போடுவதைவிட இப்போதே மணலும் காங்கிரீட்டும் மாதிரி கேட்பது நல்லது.

பதில் வராவிட்டால், அரைகுறையாக வந்தால்

30 நாள் தாண்டினாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளுக்குள், காரணம் எழுதினால் 45 நாளுக்குள், முடிவு சொல்ல வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காலக்கெடு தாண்டித் தரும் தகவலுக்கு நகல் கட்டணம் கேட்கக்கூடாது. காரணமின்றி மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தில் வரிசை நீளம், பொறுமை வேண்டும். ஆனால் நிறைய மனுக்கள் முதல் மேல்முறையீட்டிலேயே பலன் தருகின்றன. ஆகவே அதைத் தவறவிடாதீர்கள், நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

"வணிக ரகசியம்" என்று பிரிவு 8(1)(டி)யைக் காட்டி ஒப்பந்த நகலை மறுக்கலாம். பொதுப் பணத்தில் முடிந்துபோன ஒப்பந்தம், உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த பொதுநலன் என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள். பொதுநலன் பெரிதென்றால் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

ஒதுக்கீட்டை ரத்து செய்துவிடுவார்களோ என்ற பயம் பெண்களிடம் அதிகம் கேட்கிறது, அது வீணான பயம் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் ஒருவர் பெயரில் மட்டும் எதையும் அனுப்பாதீர்கள் என்கிறேன். மனுவில் பிளாக்கே கையெழுத்துப் போடட்டும். தகவல் மனுவை மூன்று நான்கு பேர் தனித்தனியாகப் போடட்டும். மிரட்டல் வந்தால், தேதியோடு எழுதி வைத்து, இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணைக் கூப்பிடுங்கள்.

கொள்கை எங்கே முடிவாகிறது?

உங்கள் பிளாக் இடித்துக் கட்டப்படுமா, பூசி விடப்படுமா என்பதை உதவிப் பொறியாளர் முடிவு செய்வதில்லை. ஆண்டுதோறும் துறைக்கான நிதியைக் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வைக்கிறது. தமிழில் இருக்கும், அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மறுகட்டுமானத்துக்கு எடுத்துக்கொண்ட திட்டப்பகுதிகளும் தொகையும் அதில் வரும். சென்ற ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சென்ற ஆண்டு இருந்த உங்கள் பகுதி இந்த ஆண்டு இல்லையென்றால், அதையே கேள்வியாக எழுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். "எங்களுக்கு வீடு வேணும்" என்ற கோரிக்கையைவிட, பக்க எண்ணோடு எழுதிய கேள்வி அவருக்கும் வசதி. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளும் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன, வீட்டுத் திட்டங்கள் பற்றியவற்றைத் தேடிப் படியுங்கள். நகரங்களில் இப்போது பகுதி சபைக் கூட்டங்களும் நடக்கின்றன. குடியிருப்பின் பாதுகாப்பை அங்கே பேசி, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தனியார் அடுக்குமாடி வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டடம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதி பெற்றதுதான். திட்ட அனுமதி இருக்கிறது என்பதை வைத்துக் கட்டடம் உறுதியானது என்று நம்பிவிடாதீர்கள், கட்டமைப்பு வடிவமைப்பில் கையெழுத்திட்ட பொறியாளர் யார் என்றும் கேளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரிவு 14(3), வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் சொல்லப்படும் கட்டமைப்புக் குறையை 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. விற்பனைக்காகக் கட்டும் அரசு அமைப்புகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன.

இடித்துக் கட்டப்போகிறோம் என்று வந்தால்

பழைய கட்டடம் ஆபத்தானது என்று ஆய்வு சொன்னால் காலி செய்யத்தான் வேண்டும், அதில் பிடிவாதம் வேண்டாம். ஆனால் வெறும் வாய்வார்த்தையை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உறுதித்தன்மை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பிறகு குடியிருப்பவர்களின் பட்டியலை வாரியம் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வாடகைக்கு இருப்பவர், இறந்துபோன ஒதுக்கீட்டுதாரரின் வாரிசு, திருமணமாகி அதே வீட்டில் தனியாகச் சமைக்கும் மகன் ஆகியோர் விஷயத்தில்தான் பின்னால் தகராறு வருகிறது, அவர்களின் நிலையை இப்போதே எழுத்தில் பதிவு செய்யுங்கள். இடைக்காலத்தில் வெளியே தங்குவதற்கான கருணைத் தொகை எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்கில் வரும்? புது வீட்டுக்குப் பயனாளி பங்குத் தொகை உண்டா, எவ்வளவு, எத்தனை தவணை? அதே இடத்தில்தான் கட்டுவார்களா, எந்த மாதத்துக்குள்? இவற்றுக்கான பதிலை வாரியத்தின் கடிதமாகவே வாங்குங்கள்.

சாவி ஒப்படைக்கும் நாளில் வீட்டின் படம், மின் மீட்டர் எண், ஒதுக்கீட்டு ஆணை, கட்டிய தவணை ரசீதுகள், ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல் எடுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு ஊரிலிருக்கும் உறவினரிடம். சாவி பெற்றுக்கொண்டதற்கு அலுவலரின் கையெழுத்தும் பதவி முத்திரையும் தேதியும் உள்ள ரசீது கேளுங்கள். புது வீடு முடிந்து குலுக்கல் நடக்கும்போது, யார் எந்த பிளாக்கில் இருந்தார்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்த ரசீதுதான்.